வீட்டு நீச்சல் தடாகத்துக்குப் பூ டைல்ஸ்: எது நிற்கும், எது உரியும்?

12 பெப்ரவரி 2024, காலை. கேள்வி, தெஹிவளையிலிருந்து

பின் வளவில் 20 அடிக்கு 10 அடியில் சின்னதாக ஒரு நீச்சல் தடாகம் கட்டுகிறோம். ஆழம் சராசரி 4 அடி. கொங்கிரீட் முடிந்துவிட்டது. மனைவிக்குத் தமிழ்நாட்டு ஆத்தங்குடி மாதிரிப் பூப்போட்ட டைல்ஸ்தான் வேண்டும். எனக்குக் கறுப்பில் ஆசை. ஒரு கடையில் தரை டைல்ஸ் எதுவும் போதும் என்கிறார்கள். அடுத்த கடையில் கண்ணாடி மொசைக் தவிர எதையும் தண்ணீருக்குள் போடக்கூடாது என்கிறார்கள். எங்கள் டைல்ஸ் பதிக்கிற மேசன் பாஸ் சும்மா சீமெந்துப் பாலில் (தண்ணீரில் கரைத்த சீமெந்தில்) ஒட்டினாலே போதும் என்கிறார். பதினைந்து வருஷமாவது கழன்று விழாமல் இருக்க வேண்டும். தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கள்.

12 பெப்ரவரி, இரவு. பதில்

ஆத்தங்குடியைத் தண்ணீருக்குள் போடாதே தம்பி. அது சூளையில் சுட்ட சாமானே இல்லை. சீமெந்தும் மணலும் நிறப்பொடியும் கண்ணாடித் தட்டில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு எடுப்பது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிறது என்றால், அங்கே அது காண்பது வெறும் காலும் துடைக்கிற துணியும்தான். குளோரின் தண்ணீரில் இரவு பகலாக ஊறினால் மேல்படை கரையும், நிறம் மங்கும். பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) இறக்குவதற்கு அசிட் ஊற்றுகிற நாளில் இன்னும் மோசம்.

கறுப்பைப் பற்றிப் பிறகு. சீமெந்துப் பால் பாஸைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, இன்றைக்கு நித்திரை வருகிறது.

13 பெப்ரவரி

இரண்டு கடையும் பாதி பாதி சரி.

டைல்ஸ் பெட்டியில் நிறமும் பேரும் எப்படியும் இருக்கட்டும், நீர் உறிஞ்சும் அளவைத் தேடிப் பார். 0.5 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் போர்சலின். ஐ.எஸ்.ஓ. 13006 தரத்தில் அழுத்தித் தயாரிக்கிற டைல்ஸுக்கு அந்த வகுப்பின் பெயர் பி-ஒன்-ஏ. குளியலறைச் சுவருக்குப் போடுகிற டைல்ஸ் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். சுவரில் அது குற்றமில்லை. தடாகத்துக்குள் போட்டால் முதுகு வழியாகத் தண்ணீர் குடித்து ஊதும், மேலே இருக்கிற மினுக்கப் பூச்சில் தலைமயிர் மாதிரி வெடிப்பு ஓடும்.

பெட்டியில் எண் இல்லையா? டைல்ஸைத் திருப்பி, முதுகில் ஒரு துளி தண்ணீர் வை. உட்கார்ந்தே இருந்தால் யோசிக்கலாம். கண் முன்னாலேயே இழுத்துக் கருமையானால் கடைக்காரனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வா.

ஆகவே "தரை டைல்ஸ் எதுவும்" என்பது பிழை, போர்சலின் தரை டைல்ஸ் சரி. லங்கா டைல்ஸ், ரொசெல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்பிலும் போர்சலின் இருக்கிறது. எல்லாவற்றையும் இத்தாலியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டடிக்கு இரண்டடி வாங்கிவிடாதே. தடாகத்தின் தரை தண்ணீர் வெளியேறும் வாயை நோக்கிச் சரியும், மூலைகள் வளையும், படிகள் வரும். பெரிய டைல்ஸை அங்கே வெட்டி வெட்டியே பாதி வீணாகும்.

15 பெப்ரவரி

கண்ணாடி மொசைக். இதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது, பொறுத்துக்கொள்.

கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது, குளோரினுக்கும் அசிட்டுக்கும் அசையாது, வெயிலில் வெளிறாது. எல்லாம் உண்மை. ஆனால் கடையில் கண்ணாடி மொசைக் என்ற பெயரில் இரண்டு சாமான் விற்கிறார்கள். ஒன்றில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே உருகிக் கிடக்கும், உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் அதே நீலம். மற்றதில் கண்ணாடி நிறமில்லாதது, நிறம் முதுகில் அடித்த பெயின்ட் அல்லது ஒட்டிய தாள். பார்வைக்கு இரண்டாவதுதான் அழகு, விலையும் குறைவு.

தலவத்துகொடையில் அக்கா வீட்டில் இரண்டாவது சாமானைத்தான் போட்டார்கள். பொன்துகள் மின்னுகிற மாதிரி ஒரு பச்சை. கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. கொஞ்சக் காலத்தில் தண்ணீர்க் கோட்டை (தண்ணீர் மட்டம் சுவரைத் தொடுகிற இடத்தை) ஒட்டிய வரிசையில் திட்டுத் திட்டாக வெள்ளை தெரிந்தது. பாசி என்று நினைத்து அத்தான் உரஞ்சினார், உரஞ்ச உரஞ்ச வெள்ளை கூடியது. பசையிலுள்ள சுண்ணாம்புக் காரமும் ஈரமும் பின்னால் இருந்து பெயின்ட்டைத் தின்றுவிட்டன. கண்ணாடி மட்டும் சாட்சி மாதிரி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சோதனை சுலபம். ஒரு துண்டின் முதுகைச் சாவியால் சுரண்டு. நிறம் பொடியாக வந்தால் வேண்டாம். வராவிட்டால் இன்னும் இரண்டு துண்டைக் குளோரின் கரைசலில் ஒரு கிழமை போட்டு வை. மாதிரி தர மறுக்கிற கடையில் வாங்காதே.

15 பெப்ரவரி, கொஞ்சம் பிந்தி

மேலே எழுதியதை அக்கா வாசித்துவிட்டார். "திட்டுத் திட்டாக" என்பது மிகையாம், ஒரு பக்கம் மட்டும்தானாம். சரி, ஒரு பக்கம். வெயில் படுகிற பக்கம்.

16 பெப்ரவரி

மொசைக் தாளைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. சின்னத் துண்டுகளை ஒரு சதுர அடித் தாளாகச் சேர்த்துத்தான் விற்பார்கள். சேர்க்கிற வழி மூன்று: முதுகில் வலை, முகத்தில் கடதாசி, இடையிடையே பிளாஸ்டிக் பொட்டு. வலை ஒட்டியதை வைப்பது சுகம், அதனால் பாஸ்மாருக்கு அதுவே பிரியம். ஆனால் அந்த வலையை ஒட்டிய கோந்து தண்ணீரில் இளகுகிற சாதியாக இருந்தால், டைல்ஸுக்கும் பசைக்கும் நடுவில் இளகின கோந்துதான் இருக்கும். வலை முதுகை அதிகம் மூடினாலும் பசைக்குப் பிடிக்க இடம் இல்லை. முகத்தில் கடதாசி ஒட்டியதில் முதுகு முழுக்கப் பசையில் உட்காரும், பிறகு கடதாசியை நனைத்து உரித்து எடுக்கலாம். வேலை கூட. தடாகத்துக்கு நான் அதையே கேட்டு வாங்குவேன். வலைதான் கிடைக்கிறதென்றால் ஒரு தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வேறு வேலை பார். மறுநாள் துண்டுகள் கழன்று மிதந்தால் விடை கிடைத்துவிட்டது.

18 பெப்ரவரி

நுகேகொடையிலிருந்து ஒருவர் "ஆர் 10 என்று போட்டிருந்தால் வழுக்காது, அதையே தடாகக் கரைக்கும் போடுங்கள்" என்கிறார். ஆர் எண் என்பது சப்பாத்துக் காலுக்கு. எண்ணெய் ஊற்றிய சரிவில் பூட்ஸ் போட்டவரை நடக்கவிட்டு அளப்பது, ஜெர்மனியின் டின் (DIN) 51130 தரத்தில் வந்த முறை. வெறுங்காலுக்கு வேறு முறை, டின் 51097 தரத்தில் வந்தது: சவர்க்காரத் தண்ணீர் ஓடுகிற சரிவில் வெறுங்காலால் நடக்கவிடுவார்கள். 12 பாகை வரை தாங்கினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. தடாகத்தைச் சுற்றி நடக்கிற இடத்துக்கு பி வேண்டும், தண்ணீருக்குள் இறங்குகிற படிக்கும் சரிவான ஓரத்துக்கும் சி.

பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் டைல்ஸ் பூவைப் பார்க்க முன் படியைப் பார்.

18 பெப்ரவரி

சவர்க்காரம் என்றதும் ஞாபகம். கொழும்பு வீட்டுத் தடாகங்களில் தண்ணீர்க் கோட்டில் படிகிற மஞ்சள் வளையம் பாதி தேங்காயெண்ணெய். தலைக்கு அப்பிக்கொண்டு இறங்குகிறோம். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கைத் தடாகத்தில் முடிக்கிற மாமா ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு எந்த டைல்ஸும் ஈடு கொடுக்காது. சொரசொரப்பான டைல்ஸைத் தண்ணீர்க் கோட்டில் போடாதே என்பதற்குக் காரணம் இதுதான். நடக்கிற இடத்தில் சொரசொரப்பு, துடைக்கிற இடத்தில் வழவழப்பு.

21 பெப்ரவரி

தம்பி விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார். ஒரு கணக்குப் போடுவோம், அதுதான் என் தொழிலாக இருந்தது.

தரை 20 × 10 = 200 சதுர அடி. சுற்றளவு 60 அடி, ஆழம் 4 அடி, ஆகவே சுவர் 240. மொத்தம் 440. தண்ணீர்க் கோட்டில் ஆறு அங்குலப் பட்டி ஒன்று சுற்றி ஓட எவ்வளவு வேண்டும்? 60 × அரை அடி = 30 சதுர அடி.

கண் பார்க்கிறது அந்த முப்பதைத்தான். கதிரையில் இருந்து பார்த்தாலும், தண்ணீரில் மிதந்துகொண்டு பார்த்தாலும் முகத்துக்கு நேரே வருவது அந்தப் பட்டி. பூவையும் பணத்தையும் அதில் கொட்டு, மற்ற 410 சதுர அடிக்கும் ஒரே நிறத்தில் சாதாரணமான நல்ல போர்சலின் மொசைக் போடு. ஆத்தங்குடிக் கோலத்தை அச்சடித்த போர்சலின் இப்போது கிடைக்கிறது. அச்சுக்கு மேல் மினுக்கம் பூசிச் சூளையில் சுட்டிருப்பதால் நிறம் போகாது. உன் மனைவிக்கு அதைக் காட்டு.

உண்மையான ஆத்தங்குடி வேண்டுமே வேண்டும் என்றால், தடாகத்தைப் பார்க்கிற விறாந்தையில், கூரைக்குக் கீழே போடுங்கள். முதலில் அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஈரக் காலோடு நடந்தால் வழுக்குமே என்ற யோசனை. விறாந்தை வாசலில் ஒரு கயிற்றுப் பாய் போட்டால் சமாளிக்கலாம்.

22 பெப்ரவரி

தரையில் மயில் படம் வேண்டுமா என்று கடையில் கேட்டார்களாம். நாலடித் தண்ணீருக்குக் கீழே, காற்றில் அலை ஆடும்போது, மயிலுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. போடுவதென்றால் பெரிய வட்டம், தடித்த கோடு, இரண்டு நிறம். தோகையின் கண்ணெல்லாம் கடைப் பட்டியல் புத்தகத்தில் மட்டும்.

27 பெப்ரவரி

இப்போது சீமெந்துப் பால். ஆறுதலாக வாசி.

என் அனுபவத்தில் தடாகத்தில் டைல்ஸ் தானாகச் சாவது அபூர்வம். சாவது பசை, அல்லது கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை நிரப்புகிற கலவை), அல்லது அடியில் இருக்கிற பூச்சு. கழன்று விழுந்த டைல்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் புதுசாக இருக்கும், முதுகில் சீமெந்து ஒட்டியே இருக்காது. சீமெந்துப் பால் மண் டைல்ஸைப் பிடித்தது, ஏனென்றால் மண் டைல்ஸ் அதைக் குடித்தது. குடிக்காத போர்சலினையும் கண்ணாடியையும் அது எதைக் கொண்டு பிடிக்கும்? நாம் கேட்டு வாங்கிய நல்ல குணமே பசைக்கு எதிரி.

ஆகவே பொலிமர் சேர்த்த பசை வேண்டும். மூட்டையில் சி2 (பிடிப்புக் கூடிய வகுப்பு) என்று இருக்க வேண்டும், கூடவே எஸ்1 இருந்தால் நல்லது, கொங்கிரீட் கொஞ்சம் அசைந்தாலும் விட்டுக்கொடுக்கும். கண்ணாடி மொசைக் என்றால் வெள்ளைப் பசைதான். சாம்பல் நிறத்தைப் போட்டால் நீலம் அழுக்காகத் தெரியும்.

பாஸ் செய்யக்கூடாதவை. நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை வைத்து அமுக்குவது: இடையில் இருக்கிற வெற்றிடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிடும். பல் கரண்டியால் இழுத்து, முதுகிலும் தடவி, முழுக்கப் பிடிக்கவிட வேண்டும். நடுநடுவே ஒன்றைப் பிடுங்கி முதுகைப் பார், பாஸ் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அடுத்தது, இறுகத் தொடங்கிய பசையில் தண்ணீர் விட்டுக் கிண்டுவது. பகல் வெயிலில் பசை சீக்கிரம் தோல் பிடிக்கும், வாளியில் மிச்சம் இருக்கிறதே என்று மனம் கேட்காது, தண்ணீர் விடுவார்கள். அதை எறியச் சொல், நட்டம் உன்னுடையது என்று முதல் நாளே சொல்லிவிடு. தேநீர் கொடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

கிரவுட்: எபொக்சி, பிசின் சாதி. சீமெந்துக் கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை, வேலையும் கரைச்சல். இரண்டு பாகத்தைச் சரியான அளவில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இறுக முன் துடைக்க வேண்டும். நம் வெயிலில் இறுகுவது வேகம், அதனால் காலையில் அல்லது பந்தல் கட்டி. துடைக்காமல் விட்டால் டைல்ஸ் மேல் படலம் காய்ந்து உன் பூவெல்லாம் பனி மூடின மாதிரி ஆகிவிடும். மொசைக்கில் இடைவெளி அதிகம், இடைவெளி அதிகம் என்றால் கிரவுட் அதிகம், அதனால் மொசைக் போடுகிறவர் கிரவுட்டில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

சுவரும் தரையும் சந்திக்கிற மூலையில் கிரவுட் போடாமல், தடாகத்துக்கென்று விற்கிற நெகிழ்கிற சீலன்ட். அந்த இடம் அசையும்.

டைல்ஸ் தொட முன் தடாகத்தை வெறும் கொங்கிரீட்டாகவே நிரப்பி ஒரு கிழமை விட்டுப் பார்த்தீர்களா? எங்கே கசிகிறது என்று அப்போதுதான் தெரியும். டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரை நிறுத்துகிற சாமான் இல்லை. வாட்டர்ப்ரூஃப் படை அவற்றுக்குக் கீழே தனியாக இருக்க வேண்டும், அதன் மேல் பிடிக்கிற பசை எது என்று அதே கம்பனியிடம் கேட்டு வாங்க வேண்டும்.

28 பெப்ரவரி

"எபொக்சி கிரவுட் வாங்க ஆள் எங்கே போவது?" கொழும்பு பழைய சோனகத் தெருவில் கேட்டுப் பாருங்கள், விலையை நாலு இடத்தில் விசாரியுங்கள், திகதி முடிந்த டின்னைத் தலையில் கட்டிவிடாமல் பாருங்கள்.

3 மார்ச்

கறுப்பு. எனக்கு இதில் இரண்டு மனம்.

கறுப்புத் தரை தண்ணீரைக் கண்ணாடியாக்கும், வானமும் தென்னையும் அதில் விழும். வெள்ளைத் தரை இளநீலம் காட்டும், சாம்பல் கொஞ்சம் பச்சைக் கடல் மாதிரி. அழகில் கறுப்புக்குத்தான் என் வாக்கு.

ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? கறுப்புத் தரையில் அடியில் கிடக்கிற பிள்ளை மேலே இருந்து தெரிய நேரம் எடுக்கும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். படியின் விளிம்பும் தெரியாது, விளிம்பில் வெளிர் நிறக் கோடு ஒன்று ஓட வேண்டும். கரையில் கறுப்பென்றால் மத்தியானம் கால் பொசுங்கும்.

கண்டலம ஹோட்டலின் படத்தை யாரோ அனுப்பி "இதுபோல வரவேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள். 1994இல் திறந்த, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடம், அந்தத் தடாகம் வாவியோடு ஒன்றாகிப்போவது ஓரம் கண்ணுக்கு மறைவதால். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிப் பயனில்லை, முன்னால் ஒரு வாவி வேண்டும். தெஹிவளையில் முன்னால் இருப்பது பக்கத்து வீட்டு மதில்.

9 மார்ச்

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டைல்ஸின் ஆயுள் பாதி அதில் இருக்கிறது.

கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பெரும் பங்கு களனி கங்கையில் அம்பத்தளையில் எடுப்பது. மென்னீர், கல்சியம் குறைவு. கல்சியம் குறைந்த தண்ணீருக்குப் பசி, தனக்கு வேண்டியதைச் சீமெந்துக் கிரவுட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் இன்னும் மென்மை, கொஞ்சம் அமிலமும். மே மாத மழை ஒரு கிழமை அடித்து ஊற்றினால் அளவெல்லாம் குலைந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் கதை தலைகீழ். சுண்ணக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம், டைல்ஸ் மேல் வெள்ளைப் படிவு ஏறும். அங்கே தடாகம் கட்டிய மச்சான் கிரவுட்டைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை, படிவைச் சுரண்டியே அலுத்துப்போனார். அவருடைய யோசனையை அப்படியே கொழும்பில் பின்பற்றக்கூடாது, மறுபக்கமும் அப்படித்தான்.

பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையில், கல்சியக் கடினம் (கல்சியம் கார்பனேற்றாகக் கணக்கிட்டால்) லீட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல். குளோரின் குளிசைகளில் டிரைக்ளோர் சாதி அமிலம், பி.எச். இறக்கும். அதைப் படியில் கொண்டுபோய் வைக்காதே, கிரவுட்டை அரித்து அடையாளம் போட்டுவிடும். கல்சியம் ஹைப்போகுளோரைட் தூள் பி.எச். ஏற்றும், கல்சியமும் கொடுக்கும், நம் மென்னீருக்கு அது பொருந்தும்.

துப்புரவு செய்ய வருகிறவர் அசிட் போத்தலோடு வந்தால் வாசலிலேயே நிறுத்து. தடாகம் பளிச்சென்று ஆகும், கிரவுட் ஆழம் குறையும்.

20 மார்ச்

தம்பி வேலையைத் தொடங்கிவிட்டார். அவசரப்படுத்துகிறார், சித்திரைப் புத்தாண்டுக்குள் தண்ணீர் நிரப்ப வேண்டுமாம், சொந்தக்காரர் லண்டனிலிருந்து வருகிறார்களாம்.

வேண்டாம். ஏப்ரல் பத்தாம் திகதியோடு பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள், மாதக் கடைசிக்கு முன் திரும்பி வந்தால் புண்ணியம். போகிற அவசரத்தில் போடுகிற கடைசி வரிசைதான் முதலில் கழரும். கிரவுட் முடிந்து மூன்று கிழமையாவது விட்டு நிரப்ப வேண்டும், நிரப்பும்போதும் நாளைக்கு இரண்டரை அடிக்கு மேல் ஏறவிடாமல். லண்டன்காரர்களை மவுண்ட் லவீனியாக் கடலுக்குக் கூட்டிப்போ.

காயவிடுகிற நாட்களில் மழை பெய்தால் அடியில் தேங்குகிறதை உடனே இறைத்து ஊற்று. டெங்கு நுளம்புக்கு அது போதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்தால் நீதிமன்றம் வரை போகும்.

26 ஏப்ரல்

வெள்ளவத்தையில் மொட்டை மாடித் தடாகம் உள்ள தொடர்மாடிக்காரர் ஒருவர் கேட்கிறார்: இரண்டாவது தடவையும் டைல்ஸ் கழன்றுவிட்டது, இன்னும் விலையான டைல்ஸ் போடவா? போடாதீர்கள். மேல் மாடி வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும், கட்டடமும் அசையும். எஸ்1ஐவிட அதிகம் நெகிழ்கிற எஸ்2 பசை, நெகிழ்கிற வாட்டர்ப்ரூஃப் படை, டைல்ஸ் பரப்பை நாலைந்து மீற்றருக்கு ஒரு தடவை பிரிக்கிற அசைவு இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூலைகளில் கல்லுப் போலக் கிரவுட் போட்டிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. கழன்ற இடத்தைச் சுற்றி நாணயத்தால் தட்டுங்கள், டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்கிற இடமெல்லாம் அடுத்த வருஷக் கணக்கு.

தரையில் கட்டியவர்களுக்கு வேறு எச்சரிக்கை: மாரி மழைக்கு நடுவில் டைல்ஸ் கழுவுகிறேன் என்று தடாகத்தை முழுக்க வெறுமையாக்காதே. நிலத்தடித் தண்ணீர் உயர்ந்திருந்தால் வெறும் தடாகத்தைக் கீழிருந்து தூக்கிவிடும். கோட்டே, பத்தரமுல்ல போன்ற பதிந்த நிலத்தில் இது நிச்சயம் யோசிக்க வேண்டிய விஷயம்.

8 ஜூன்

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். தண்ணீர்க் கோட்டில் பூ அச்சுப் போர்சலின், உள்ளே இளம்பச்சை மொசைக், கறுப்பு ஆசைக்கு இறங்குபடியின் முகத்தில் மட்டும் ஒரு வரிசை, அதன் விளிம்பில் வெள்ளை. மனைவி வென்றிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். பட்டியின் ஒரு மூலையில் பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, தம்பிக்குத் தெரிந்திருக்காது, இனிமேல் அதுவே தெரியும்.

மிச்ச டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். கொடுக்காதே. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது ஒரே ஒரு தாள் மொசைக்குக்காக ஊரெல்லாம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே பெயர், அதே எண், ஆனால் வேறு தொகுதி என்றால் நிறம் பொருந்தாது. பட்டி டைல்ஸில் ஒரு பெட்டி, மொசைக்கில் பத்துக்கு ஒன்று வீதம் வைத்துக்கொள். பெட்டியில் இருக்கிற நிறத் தொகுதி எண்ணைப் படம் எடு. கிரவுட்டின் நிற எண்ணையும் கூடவே எழுதி வை, டைல்ஸுக்கு முன் அதுதான் கடையில் இல்லாமல் போகும்.